கண் பரிசோதனைக்கு டியூஷன் கொடுத்தவனின் கண்டிப் பயணம்

கண்டிக்குப் போவது எப்படி என்று இணையத்தில் எழுதாத ஆள் இல்லை. குளத்தை எந்த மூலையில் நின்று படம் பிடிப்பது, எந்தக் கடையில் கொத்து ரொட்டி சாப்பிடுவது, எந்த மேட்டில் ஏறினால் நகரம் முழுவதும் தெரியும் என்று எல்லாவற்றையும் எழுதி முடித்துவிட்டார்கள். ஆனால் ஒன்பது வயதுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஹுன்னஸ்கிரியவில் விடியற்காலை பஸ் ஏறி, கண்டியில் கண் கிளினிக்கில் நம்பர் எடுத்து, மருந்து விட்ட கண்ணோடு பிள்ளையைப் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவருவது எப்படி என்று ஒருவரும் எழுதவில்லை. உலகப் பயண இலக்கியத்தில் இது எவ்வளவு பெரிய பள்ளம்! அதை நிரப்பும் பொறுப்பு, வேறு ஆள் கிடைக்காத காரணத்தால், என் தலையில் விழுந்தது. இந்த வருடம் இரண்டாம் தவணை தொடங்கிய இரண்டாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை போனோம். நான், என் தங்கை சாந்தி, அவளுடைய மகள் தனுஷிகா. வீட்டில் தனு.

ஏன் போனோம் என்று சொல்வதானால் முதலில் என் குற்றத்தைச் சொல்ல வேண்டும். சொல்லிவிடுகிறேன்.

ஹுன்னஸ்கிரிய சந்தியில் எனக்கு ஒரு போட்டோ கொப்பிக் கடை இருக்கிறது. கடை என்று சொல்வது அடக்கத்தினால். உண்மையில் அது ஆறடிக்கு எட்டடி பரந்து விரிந்த ஓர் அச்சு சாம்ராஜ்யம். இந்த மலைப்பக்கத்தில் எந்தப் பிள்ளையும் என் மெஷினின் வெளிச்சம் படாமல் புலமைப்பரிசில் பரீட்சை எழுதியதாகச் சரித்திரம் இல்லை. கடந்தகால வினாத்தாள், மாதிரி வினாத்தாள், மாதிரிக்கு மாதிரி, விடைத்தாள், விடைத்தாளுக்கு விளக்கம் என்று இதுவரை நான் அடித்த தாள்களை ஒட்டினால் இங்கிருந்து சந்திரனுக்குப் போய், அங்கே ஒரு தேநீர் குடித்துவிட்டுத் திரும்பி வரலாம்.

முதலாம் தவணையின் கடைசி வாரம், பாடசாலையில் மருத்துவப் பரிசோதனை. சுகாதாரப் பரிசோதகர் ஐயா நான்காம் வகுப்புப் பிள்ளைகளை நிறுத்துப் பார்த்து, பல்லைப் பார்த்து, கண்ணையும் பார்ப்பார். கண் பார்க்கிற அட்டை, மேலே ஒரு பெரிய ஆங்கில எழுத்தும் கீழே போகப் போகச் சிறுக்கிற எழுத்துகளுமாக இருக்குமே, அது நடுவால் கிழிந்துவிட்டது என்று முதல் நாள் என்னிடம் ஒட்டக் கொடுத்தார்கள். ஒட்டினேன். தடித்த மட்டையில் வைத்து, மேலே டேப் போட்டு, அழகாகத்தான் ஒட்டினேன். அப்போதுதான் என் தொழில் புத்தி விழித்துக்கொண்டது. நாளைக்குப் பரீட்சை. இன்றைக்கே வினாத்தாள் என் கையில். இருபது வருடத்தில் வாய்க்காத பாக்கியம்!

ஒரு பிரதி எடுத்தேன். சிறிதாக்கி, ஏ-நான்கு தாளில்.

தனு பாடசாலை விட்டதும் நேரே என் கடைக்குத்தான் வருவாள். அவள் அம்மா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு வரும்வரை என் பொறுப்பு. அன்றைக்கு ஒரு மணி நேரத்தில் முழுத் தாளையும் பாடமாக்கிவிட்டாள். மேலிருந்து கீழ், கீழிருந்து மேல், நடுவிலிருந்து கேட்டாலும் சொல்வாள். "எழுத்து சின்னதாப் போகுது மாமா" என்றாள் ஒரு தடவை. "சின்னதாப் போனா என்னா, மனசுல பெருசா இருக்குல்ல" என்றேன் நான், ஏதோ மகா ஞானி போல. மறுநாள் இரண்டு கண்ணுக்கும் முழுப் புள்ளி. வகுப்பிலேயே அவ்வளவு வேகமாகச் சொன்ன பிள்ளை வேறு இல்லையாம். நான் அவளுக்கு ஒரு பலூடா வாங்கிக் கொடுத்து, எனக்கும் ஒன்று வாங்கிக்கொண்டேன். ஆசிரியர் என்ற முறையில்.

இரண்டாம் தவணை தொடங்கி நான்காவது நாள், பாடசாலைக்குப் போகும் வழியில் தேயிலைக்குள் இருந்து வந்த ஒரு குளவி தனுவின் இடது இமையில் கொட்டியது. தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் குளவி புதிதில்லை. ஒன்றே ஒன்று கொட்டியதால் தப்பினாள். ஆனால் கண் வீங்கி மூடிக்கொண்டது. பலாக்கொட்டை அளவு என்று சாந்தி சொல்வாள். பலாப்பழம் அளவு என்பதுதான் என் வாக்குமூலம். மத்தியானம் கடைக்கு வந்தவள் வாசல் இரும்புக் கம்பியில் நேரே போய் நெற்றியை இடித்துக்கொண்டாள். பிறகு கையை நீட்டித் தடவிக்கொண்டு உட்காரக் கதிரையைத் தேடினாள்.

"ஏய், ஒரு கண்ணுதானே வீங்கியிருக்கு? மத்தக் கண்ணு நல்லாத்தானே இருக்கு?" என்றேன்.

"அது ஸ்பெயார் கண்ணு மாமா."

"என்னா கண்ணு?"

"ஸ்பெயார். அப்பா ஓட்டோவுக்குப் பின்னால ஒரு டயர் தொங்குதுல்ல, அது மாதிரி. அதுல வெளிச்சம் மட்டுந்தான் வரும். ஒங்களுக்கு எந்தக் கண்ணு மாமா ஸ்பெயாரு?"

எல்லாருக்கும் அப்படித்தான் என்று நினைத்திருக்கிறாள். ஒன்பது வருடமாக. கடைச் சுவரில் தேதி இலக்கம் உள்ளங்கை அளவுக்கு இருக்கும் ஒரு கலண்டர் தொங்குகிறது. இன்றைக்கு என்ன தேதி என்று கேட்டேன். கலண்டர் எங்கே என்று கேட்டாள்.

அந்தக் குளவியை நான் பிறகு பல தடவை நினைத்துக்கொண்டேன். சுகாதாரப் பரிசோதகர் ஐயாவும் ஓர் அட்டையும் ஒரு முழு நாளும் சேர்ந்து கண்டுபிடித்திருக்க வேண்டியதை, நான் கெடுத்துவிட்டுப் போன பிறகு, ஒரே கொட்டில் கண்டுபிடித்த மாமேதை அது. ஹுன்னஸ்கிரிய சந்தியில் சிலை வைக்க யாராவது முன்வந்தால் சீமெந்துச் செலவு என்னுடையது.

சாந்தியிடம் கண்ணைப் பற்றிச் சொன்னேன். டியூஷனைப் பற்றிச் சொல்லவில்லை. பக்கத்து அரசாங்க ஆஸ்பத்திரியில் காட்டினோம். வீக்கத்துக்கு மருந்து கொடுத்து, கண்டி கண் கிளினிக்குக்கு ஒரு கடிதமும் கொடுத்தார்கள். பெரிய இடத்தில் பெரிய மெஷின்கள் இருக்கும், அவை தாமாகவே கண்டுபிடித்துவிடும், என் வினாத்தாள் விவகாரம் வெளியே வராது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

இனிப் பயணம்.

காலை ஐந்து பத்துக்கு மஹியங்கனைப் பக்கமிருந்து வரும் பஸ்ஸைச் சந்தியில் பிடித்தோம். கண்டிக்கு முப்பத்தைந்து கிலோமீட்டர் சொச்சம். பெரியவருக்கு நூற்றைம்பது ரூபா, பிள்ளைக்குப் பாதி. நான் வெள்ளை நீளக்கைச் சட்டையும் புதுச் சப்பாத்துமாக ஏறியதைப் பார்த்து, தினமும் என் கடையடியில் நின்று வெற்றிலை போடும் கொண்டக்டர் வாயைப் பிளந்தார்.

"என்னாண்ணே, பொண்ணு பார்க்கப் போறீங்களா?"

"கண்ணு பார்க்கப் போறோம்யா."

"ஒங்களுக்கா? ரோட்டுல யாரு யாரோட போறாங்கன்னு எல்லாம் ஒங்களுக்குத்தானே மொதல்ல தெரியுது!"

பஸ் முழுவதும் சிரித்தது. சாந்தி சிரிக்கவில்லை. அன்றைக்கு அவளுக்குத் தோட்டத்தில் பேர் இல்லை. அதாவது வேலைக்குப் போனதாகப் பதிவு இல்லை, நாட்சம்பளமும் இல்லை. மடியில் கடிதத்தைப் போட்டு, அதன் மேல் கையை வைத்து, கடிதம் பறந்து போய்விடும் என்பது போல அமுக்கிக்கொண்டிருந்தாள்.

தெல்தெனியவுக்கு இறங்கும் வளைவுகளில் இடது பக்கம் உட்காருங்கள். விக்டோரியா நீர்த்தேக்கத்தின் மேல் பனி கிடந்தது, யாரோ அரிசி கழுவிய தண்ணீரை அப்படியே ஊற்றிவிட்டது போல. எங்கள் பக்கத்து ஆட்கள் இதை ஒரு காட்சியாகவே மதிப்பதில்லை. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் மதிக்கிறார்கள். வாந்தி வரும் பிள்ளைகளுக்கு ஒரு பையும் இரண்டு தோடம்பழமும் எடுத்துக்கொள்ளுங்கள்.

தனு ஜன்னலோரம். அவள் உதடு அசைவதைத் திகனைக்குக் கிட்டத்தான் கவனித்தேன். பஸ் நின்ற ஒரு நிமிடத்தில் சத்தம் தெளிவாகக் கேட்டது.

"ஈ... எஃப், பீ... டீ, ஓ, இஸட்..."

என் கடையில் பாடமாக்கிய அதே கண் அட்டை வரிசை.

"பாருங்கண்ணே, பயத்துல சாமி கும்பிட்டுக்கிட்டே வருது புள்ள" என்றாள் சாந்தி.

நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். குண்டசாலைக்கு வரும்வரை வெளியேதான் பார்த்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "தனு, இன்னைக்கு அது வேணாம்மா" என்று. சாந்தி பக்கத்தில் இருக்கும்போது அதை எப்படிச் சொல்வது?

ஆறு நாற்பதுக்குக் கண்டி மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் இறங்கினோம். அங்கிருந்து கிளினிக்குக்கு த்ரீவீலில் இருநூற்றைம்பது ரூபா கொடுத்தோம். முந்நூறு கேட்டவரிடம், நான் இலங்கைத் தீவின் வடமேல் தென்கீழ் மூலைகள் அனைத்தையும் த்ரீவீலில் அளந்தவன் என்று சொன்னதில் ஐம்பது குறைந்தது. பாரம் இல்லாத ஆட்கள் நடக்கலாம், இருபது நிமிடம். ஏழு மணிக்கு வரிசையில் நின்றபோது எங்களுக்கு முன்னால் நாற்பத்திரண்டு பேர். எண்பது பக்கக் கொப்பி ஒன்று கையோடு கொண்டுபோங்கள். அதுதான் பிள்ளையின் கிளினிக் கொப்பி, எல்லாவற்றையும் அதில்தான் எழுதுவார்கள். அங்கே வாசலிலும் விற்கிறார்கள், ஆனால் கொப்பி விற்பதையே தொழிலாகக் கொண்ட நான் மறந்துவிட்டு அங்கே காசு கொடுத்து வாங்கியதை இன்னும் சாந்தி சொல்லிக்காட்டுகிறாள்.

எட்டு மணிக்கு வேலை தொடங்கியது. ஒன்பது இருபதுக்குத் தனுவின் நம்பர். மண்டபத்தின் ஒரு பக்கத்தில் அட்டை, எதிர்ப்பக்கம் ஒரு கதிரை, சுற்றிலும் காத்திருக்கும் தாய்மாரும் பிள்ளைகளும். பார்வை பரிசோதிக்கும் மிஸ் சிங்களப் பெண். ஆனால் எங்கள் கடிதத்தைப் பார்த்ததும் தமிழுக்கு மாறினார்.

"வாங்க மகள். இங்க இருங்க. பயம் வேணாம், சரியா?"

சுவரைப் பார்த்தேன். அதே அட்டை. உலகத்தில் எத்தனையோ கோடி எழுத்து வரிசைகள் இருக்க, அதே ஈ, அதே எஃப், அதே பீ. அச்சுத் தொழிலில் இருக்கிறவன், எல்லா இடத்துக்கும் ஒரே தாள்தான் அடிப்பார்கள் என்று எனக்கல்லவா முதலில் தோன்றியிருக்க வேண்டும்?

மிஸ் கறுப்புக் கரண்டி போன்ற ஒன்றால் தனுவின் இடது கண்ணை மூடினார். தனு முதுகை நிமிர்த்தினாள். நேரே சுவரைப் பார்த்து, ஒரு மூச்சில், மணியடித்தது போலச் சொல்லிக்கொண்டே போனாள். பொடி எழுத்து வரிசையைக்கூட விடவில்லை. பக்கத்தில் இருந்த ஒரு தாய் தன் மகனின் தோளைத் தட்டி, "பாரு, எப்படிச் சொல்லுது" என்றார்.

"ஷா!" என்றார் மிஸ். "நல்லா இருக்கு தானே? ஒண்ணும் பிரச்சினை இல்ல." கொப்பியில் எழுதத் தொடங்கினார்.

சாந்தி என் கையைப் பிடித்தாள். "அண்ணே, கண்ணு நல்லாயிருக்காம்ண்ணே! அன்னைக்கு வீக்கத்துலதான் அப்படிச் சொல்லியிருக்கா." அவள் முகத்தில் ஒரு வாரமாக இல்லாத இரத்தம் திரும்பி வந்திருந்தது. தனு என்னைப் பார்த்துச் சிரித்தாள். பலூடாச் சிரிப்பு.

பயணக் கட்டுரை எழுதுகிறவன் எதையும் மறைக்கக் கூடாது. ஆகவே சொல்கிறேன்: ஒரு கணம், வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம் என்று எனக்குத் தோன்றியது. பத்தரை பஸ்ஸைப் பிடிக்கலாம். சாந்தியின் முகம் அப்படியே இருக்கும். என் மரியாதையும் அப்படியே இருக்கும். தனுவின் வலது கண்ணும் அப்படியே இருக்கும்.

"மிஸ், எழுதாதீங்க" என்றேன்.

வழக்கமாக நான் ஹுன்னஸ்கிரியவில் பேசினால் மஹியங்கனையில் கேட்கும். அன்றைக்கு எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொல்ல வேண்டியிருந்தது.

"எழுதாதீங்க மிஸ். புள்ள பார்த்துச் சொல்லல. பாடமாக்கிச் சொல்லுது. நான்தான் சொல்லிக் கொடுத்தேன்."

மிஸ் எழுந்து உள்ளே போய் டொக்டரை அழைத்து வந்தார். ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண் டொக்டர். வாயைத் திறந்ததுமே யாழ்ப்பாணம் என்று தெரிந்தது.

"நீங்களோ படிப்பிச்சனீங்கள்?"

"ஆமாங்க டொக்டர்."

"கண் பரிசோதனைக்கு?"

"ஆமாங்க."

"என்னத்துக்கு?"

"ஃபெயில் ஆயிருவாளோன்னு பயந்துட்டேங்க."

மண்டபத்தில் ஒரு சிரிப்பு கிளம்பி, டொக்டர் சிரிக்காததால் பாதியில் நின்றது. சாந்தி என் கையை விட்டாள்.

டொக்டர் இன்னோர் அட்டையை எடுத்து வந்தார். அதில் ஒரே எழுத்துதான், மூன்று கால் உள்ள ஈ. ஆனால் அது மேலே, கீழே, இடம், வலம் என்று வேறு வேறு பக்கம் பார்த்து நிற்கும். கால் எந்தப் பக்கம் நீட்டியிருக்கிறதோ அந்தப் பக்கம் பிள்ளை விரலைக் காட்ட வேண்டும். பாடமாக்க வழியில்லை. டொக்டர் திருப்பத் திருப்ப மாறிக்கொண்டே போகும். இடது கண்ணை மறுபடி மூடினார்கள். மிகப் பெரிய எழுத்துக்குத் தனு கண்ணைச் சுருக்கி விரலைக் காட்டினாள், சரி. அடுத்ததற்குப் பிழை. அதற்கடுத்ததற்கு விரல் எழும்பவில்லை. முகம் மெல்ல என் பக்கம் திரும்பியது.

"மாமாவைப் பாக்காதேங்கோ செல்லம். என்ர கையைப் பாருங்கோ."

"மாமா இந்தப் பாடம் சொல்லித் தரல டொக்டர்" என்று சொல்லிவிட்டுத் தனு அழுதாள்.

இருபது வருடமாக இந்த மலைப்பக்கத்துக்கு விடைத்தாள் விற்றவன், அவள் பார்வையில் படாமல் இரண்டு அடி பின்னால் போய் நின்றேன்.

டொக்டர் அவளைக் கதிரையிலிருந்து தூக்கித் தன் பக்கத்தில் நிறுத்தினார். "இது சோதினை இல்லையம்மா. இதில புள்ளி இல்லை. தெரிஞ்சா தெரியுது எண்டு சொல்லுங்கோ, தெரியாட்டில் தெரியேல்ல எண்டு சொல்லுங்கோ. தெரியேல்ல எண்டு சொன்னால்தான் எனக்கு வேலை செய்யலாம்." பிறகு என்னைப் பார்த்தார். "நல்ல காலம் இப்பவாவது சொன்னீங்கள்."

அதற்குப் பிறகு சொட்டு மருந்து. பத்து நிமிடத்துக்கு ஒன்றாக மூன்று தடவை, கண்மணி விரியும் வரை. பிறகு முக்கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும். வெளியே போட்டிருந்த நீள வாங்கில் உட்கார்ந்தோம். தனு சாந்தியின் மடியில் தலை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். சாந்தி என்னோடு பேசவில்லை. நான் பேசாமல் இருந்தேன் என்பதை என்னைத் தெரிந்தவர்கள் நம்பப் போவதில்லை. கண்டி நகரில் அன்று நடந்த பேரதிசயம் அதுதான்.

கடைசியில் அவளே ஆரம்பித்தாள். சத்தம் போடவில்லை.

"அண்ணே, நான் எட்டாவதோட நின்னேன். எனக்கு ஒண்ணும் தெரியாது. இவ படிக்கணும்னுதான் ஒங்க கடையில விடுறேன்."

"தெரியும் சாந்தி."

"மார்க்கு எப்ப வேணா எடுக்கலாம்ண்ணே. இது கண்ணுண்ணே."

பிறகு வீட்டிலிருந்து கட்டி வந்த ரொட்டியையும் மிளகாய் இடித்த கட்டச் சம்பலையும் பிரித்தாள். மூன்று பங்காகப் பிரித்து, ஒரு பங்கை என் பக்கம் தள்ளினாள். என் வாழ்க்கையில் எத்தனையோ விருந்து சாப்பிட்டிருக்கிறேன். அந்த ரொட்டிக்கு முன்னால் அவையெல்லாம் வெறும் பசியாறல்.

பன்னிரண்டு மணிக்கு டொக்டர் மறுபடி பார்த்தார். கண்ணுக்குள் வெளிச்சம் அடித்து, கண்ணாடி வில்லைகளை மாற்றி மாற்றிப் பிடித்துப் பார்த்துவிட்டு எங்களை உட்காரச் சொன்னார். சாந்தியைப் பார்த்துத்தான் பேசினார்.

"கண்ணில புண்ணோ வருத்தமோ இல்லை. வலது கண்ணுக்குப் பவர் கூட. சின்னனிலேயே கண்ணாடி போடாததால அந்தக் கண்ணிலயிருந்து தெளிவில்லாத படம்தான் மூளைக்குப் போயிருக்கு. மூளை அதைப் பாக்கிறதை விட்டிட்டுது, இடது கண்ணை மட்டும் நம்பி இருக்கு. அதுதான் சங்கதி."

"பார்வ வருமாங்க டொக்டர்?"

"இன்னும் சின்னனில வந்திருந்தா சுகம். ஒன்பது வயசும் பிந்திப் போகேல்லை. ஆனா இன்னும் நாலைஞ்சு வருஷம் கழிச்சு வந்திருந்தீங்களெண்டா நான் ஒண்டும் சொல்லேலாது. முழுக்க வருமெண்டு இப்பவும் சொல்ல மாட்டன். செய்து பாப்பம்."

செய்ய வேண்டியது இதுதான்: நாள் முழுவதும் கண்ணாடி. பாடசாலை விட்டு வந்து தினமும் இரண்டு மணி நேரம், நல்ல கண்ணான இடது கண்ணை ஒட்டுத்துணியால் மூடி வைத்து, வலது கண்ணால் வாசிக்க வேண்டும், நிறம் தீட்ட வேண்டும், அரிசி பொறுக்க வேண்டும். சோம்பேறிக்கு வேலை கொடுக்கிற மாதிரி. மூளைக்கு வேறு வழி இருக்கக் கூடாது. எட்டு வாரத்தில் திரும்ப வர வேண்டும். கிளினிக்கில் எங்களிடம் ஒரு சதமும் வாங்கவில்லை. இந்த நாட்டைப் பற்றி நான் சந்தியில் நின்று தினமும் எவ்வளவோ குறை சொல்கிறவன். அன்றைக்கு அந்த வாசலில் ஒரு நிமிடம் நின்று கும்பிட்டுவிட்டுத்தான் இறங்கினேன்.

கண்ணாடிக் கடை கிளினிக்கிலிருந்து பத்து நிமிட நடை. கடைக்காரர் வெள்ளைத் தொப்பி போட்ட ஒரு முஸ்லிம் அண்ணன், எங்கள் பக்கத்தில் நானா என்போம். தனுவின் கண்மணி விரிந்திருந்ததால் அவளுக்குக் கிட்டத்துச் சாமான் எல்லாம் கலங்கலாகத் தெரிந்தது. முன்னால் அடுக்கிய சட்டங்களை விரலால் தடவித் தடவிப் பார்த்தாள்.

"மகளுக்கு எந்தக் கலர் புடிக்கும்?"

"ஊதா."

"மாஷா அல்லாஹ், ஊதா போட்டா டீச்சரம்மாதான்! உம்மா என்ன சொல்றீங்க?"

"மாமாவக் கேளுங்க. காசு அவருதான்" என்றாள் சாந்தி. காலையிலிருந்து அவள் சொன்ன முதல் நக்கல். எனக்குப் போன உயிர் வந்தது.

சட்டமும் கண்ணாடியும் பதினோராயிரத்து ஐந்நூறு. நான் எங்கள் மலைப்பக்கத்து அச்சுத் துறையின் நெருக்கடிகளை விரிவாக எடுத்துச் சொன்னதில் பத்தாயிரமானது. "ஒங்க பேச்சுக்கு இல்ல, புள்ளைக்குத்தான் கொறச்சேன்" என்றார் நானா. கண்ணாடி தயாராக மூன்று நாள். அதற்காக இன்னொரு தடவை வர வேண்டாம், வெள்ளிக்கிழமை மத்தியான பஸ்ஸில் கொண்டக்டரிடம் கொடுத்துவிடுவதாகச் சொன்னார். சொன்னபடியே வந்தது. பொண்ணு பார்க்கப் போறீங்களா என்று கேட்ட அதே கொண்டக்டர், சட்டைப் பைக்குள் வைத்து, கர்ப்பிணிப் பெண்ணைப் போல நடந்து வந்து கொடுத்தார்.

திரும்பும் வழியில் வெயில் தனுவின் கண்ணில் ஊசியாகக் குத்தியது. கண்டிப் பெரஹரா ஊர்வலத்தில் யானைக்குக் குடை பிடிக்கிற ஆளைப் போல நான் பஸ் நிலையம்வரை என் கறுப்புக் குடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தேன். மூன்று பத்து பஸ். ஐந்து மணிக்கு ஹுன்னஸ்கிரிய.

மறுநாள் பாடசாலை அதிபரிடமும் சுகாதாரப் பரிசோதகர் ஐயாவிடமும் போய் உண்மையைச் சொன்னேன். அப்போதுதான் தெரிந்தது, தனு அந்த எழுத்து வரிசையை இடைவேளையில் கைதட்டி விளையாடும் பாட்டாக்கி, வகுப்பு முழுவதும் பரப்பியிருக்கிறாள் என்று. ஐயா தலையில் கை வைத்துக்கொண்டார். அடுத்த வாரமே விரல் காட்டும் அட்டையோடு வந்து எல்லாரையும் மறுபடி பார்த்தார். இன்னும் இரண்டு பிள்ளைகளுக்குக் கடிதம் கொடுத்தார். அந்த இரண்டு வீட்டாரும் என்னிடம் வந்து கண்டிக்கு எப்படிப் போவது என்று கேட்டார்கள். இந்தப் பதிவு எழுத அதுதான் காரணம்.

ஆகவே போகிறவர்களுக்கு: கடிதம், பிறப்புச் சான்றிதழின் பிரதி, ஒரு கொப்பி, சாப்பாடு, தண்ணீர், தொப்பி அல்லது குடை. செலவைப் பொறுத்தவரை, இரண்டு பெரியவரும் ஒரு பிள்ளையும் போய்வர பஸ்ஸுக்கு எழுநூற்றைம்பது, த்ரீவீலுக்கு இருநூற்றைம்பது, தேநீருக்கு முந்நூறு. மத்தியானத்துக்குள் திரும்பலாம் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். சொட்டு மருந்து விட்டால் அன்றைக்கு வீட்டுப்பாடம் செய்ய முடியாது, ஆசிரியருக்கு ஒரு வரி எழுதிக் கொடுங்கள். வீட்டில் சும்மா பார்ப்பதென்றால் ஒவ்வொரு கண்ணாக மூடிப் பாருங்கள். பிள்ளையின் விரலை நம்பாதீர்கள், விரலிடுக்கால் உலகம் முழுவதும் தெரியும். நீங்களே உள்ளங்கையால் மூடுங்கள். பரிசோதனைக்கு முதல் நாள் பிள்ளைக்கு எதுவுமே சொல்லிக் கொடுக்காதீர்கள். கடைசி வரியை ஒரு நிபுணர் சொல்வதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

எட்டு வாரம் கழித்து, போன வாரம், மறுபடி போனோம். அதே ஐந்து பத்து பஸ். ஒட்டுத்துணிக்கு முதல் இரண்டு வாரம் பெரிய யுத்தம் நடந்தது, பிய்த்து எறிவாள். ஆனால் மூன்றாவது வாரத்திலிருந்து என் கடையில் உட்கார்ந்து, இடது கண்ணை மூடிக்கொண்டு, வலது கண்ணால் பழைய தாள்களின் பின்பக்கத்தில் வீடும் மாடும் வரைந்தாள். மாட்டுக்குக் கால் சில நாள் ஐந்து இருக்கும். நான் ஒன்றும் திருத்தவில்லை.

மண்டபத்துக்குள் நுழையும்போதே சாந்தி சொல்லிவிட்டாள். "அண்ணே, நீங்க அந்தத் தூணுக்குப் பின்னால நில்லுங்க. வாயத் தொறக்காதீங்க."

நின்றேன். டொக்டரே வந்தார். தனுவும் நானும் இதுவரை பார்த்திராத எழுத்து வரிசை ஒன்றைச் சுவரில் மாட்டினார். ஊதாக் கண்ணாடியின் இடது பக்கத்தை மூடினார்கள். தனு வாயைத் திறக்கவில்லை. அட்டையைப் பார்த்தாள். கழுத்தை முன்னே நீட்டினாள். நான் எண்ணினேன், பதினோரு விநாடி.

"எச்" என்றாள்.

அடுத்த வரி. "என்... இல்ல, எம்... இல்ல, என்."

"நல்லது. ஆறுதலாப் பாருங்கோ. கீழ வாங்கோ."

மூன்றாவது வரியில் ஒன்றைப் பிழையாகச் சொன்னாள். நான்காவதில் இரண்டைச் சரியாகச் சொன்னாள், தடுமாறித் தடுமாறி. டொக்டர் ஐந்தாவது வரியில் கோலை வைத்தார். தனு பார்த்தாள். மூக்கைச் சுருக்கினாள். இன்னும் பார்த்தாள். தூணின் பக்கம் திரும்பவே இல்லை.

"தெரியல டொக்டர்" என்றாள், தெளிவாக, தலை நிமிர்ந்து.

"வெரி குட்" என்று டொக்டர் கொப்பியில் எழுதினார். "முந்தி ஒரே ஒரு எழுத்துதான். இப்ப நாலு வரி இறங்கியிருக்கு. விடாமச் செய்யுங்கோ."

சாந்தி தூணுக்குப் பின்னால் என்னைத் தேடி வந்தாள். நான் குனிந்து சப்பாத்து நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தேன். அன்று நான் போட்டிருந்தது நாடா இல்லாத செருப்பு. அவள் அதைப் பார்த்தாள். கண்ணைத் துடைக்கத் தன் சேலைத் தலைப்பை என்னிடம் நீட்டினாள்.